வடமலைக்குத் திரும்பும் புள்: திண்டுக்கல் சமவெளியின் பின்பனிக் குறிப்புகள்

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்பது பெரும்பொழுதுக் கணக்கு. திண்டுக்கல்லில் வாழ்பவர்க்கு இக்கணக்கு சற்றே நகைப்பைத் தரும். மாசி பிறந்த சில நாட்களிலேயே மலைக்கோட்டைப் பாறை சூடேறத் தொடங்கிவிடுகிறது. விடியலில் சிறுமலைப் பக்கமிருந்து வரும் குளிர் எட்டு மணிக்குள் கலைந்துவிடும். பின்பனி என்பது இங்கே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரப் பருவம். ஆயினும் அப்பெயரை நாம் விட்டுவிடவில்லை. காரணம், அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வடக்கேயிருந்து வந்த பறவைகள் திரும்பிச் செல்வதற்கு ஆயத்தமாவதைக் காண இயலும்.

இக்கட்டுரைக்கு வித்திட்டது வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி. முதுகலை மாணவர்க்குப் புறநானூற்றின் 67-ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தோம். பிசிராந்தையார் பாடியது. குமரித் துறையில் அயிரை மீனை மேய்ந்துவிட்டு வடமலைக்குத் திரும்பும் அன்னச்சேவலை அழைத்து, இடையில் உறையூரில் தங்கிக் கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லும்படி புலவர் வேண்டுகிறார். காணாத நட்பின் பெருமையை நாம் விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அன்னம் மீன் தின்னுமா?” என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், நடையழகுக்கு உவமையான அன்னம், நளன் கதையில் தூது சென்ற அன்னம் என்று பதினெட்டு ஆண்டுகள் அன்னத்தைப் பற்றிப் பேசி ஊதியம் பெற்றிருக்கிறோம். அது எதைத் தின்னும் என்று நம்மை நாமே ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை. அன்று மாலையில் அப்பாட்டை மீண்டும் படித்தோம். புராணப் பறவைக்கு உரிய ஒரு சொல்லும் அதில் இல்லை. கடற்றுறையில் இரை தேடும் பறவை, சேவலும் பேடையுமாக நெடுந்தொலைவு வடக்கே போகும் பறவை. அவ்வளவே. புலவர் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்.

நற்றிணையின் 356-ஆம் பாட்டை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பரணர் பாடியது. அங்கே வரும் அன்னத்துக்குக் கால் சிவப்பு, தூவி மெல்லியது. தெற்கே கடலில் மேய்ந்து, இமயத்தின் உச்சியில் இருக்கும் பறக்கவியலாத தன் குஞ்சுகளுக்கு இரை கொண்டுபோகிறது. ஒரு வாய் இரையுடன் குமரியிலிருந்து இமயம் வரை போகும் பறவை உலகில் இல்லை. அது கவிஞரின் மிகை. எனினும் அந்த மிகைக்குள் ஓர் உறுதியான செய்தி இருக்கிறது. இப்பறவை தமிழ்நாட்டில் மேயும். ஆனால் இங்கே கூடு கட்டாது. குஞ்சு பொரிப்பது வடக்கே பனிமலையில். வலசை என்பதன் சாரமே இதுதான்.

இதன் அருமை விளங்க ஐரோப்பியரின் கதையைச் சற்றுப் பார்க்கலாம். குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கு அங்கே நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை, அவை பொந்துகளிலும் குளத்துச் சேற்றிலும் உறங்குகின்றன என்பது. அரிஸ்டாட்டில் சில பறவைகள் வலசை போவதை அறிந்திருந்தார். ஆனால் சில பறவைகள் ஒளிந்து உறங்குவதாகவும் எழுதினார். 1555-இல் சுவீடன் நாட்டு ஒலாவுஸ் மாக்னுஸ் வெளியிட்ட நூலில், செம்படவர்கள் வலையில் மீனோடு தகைவிலான்களையும் இழுத்தெடுப்பதாகவே ஒரு படம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு வரையில் கற்றறிந்தோரும் இதை முற்றாகத் தள்ளிவிடவில்லை. பிறகு 1822-இல் ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியில் கிளூட்ஸ் என்னும் ஊருக்கு அருகே ஒரு வெண்ணாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஈட்டி குத்தி நின்றது. ஈட்டி நடு ஆப்பிரிக்காவுக்கு உரியது. கழுத்தில் ஈட்டியோடு அந்த நாரை கண்டம் கடந்து வந்திருந்தது. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதைக் கொண்டு, “பார்த்தீர்களா, நம்மவர் அன்றே அறிவியல் கண்டார்கள்” என்று மேடை போட நமக்கு விருப்பமில்லை. அவ்வாறு பேசுவோர் ஏற்கெனவே போதிய அளவில் இருக்கிறார்கள். பிசிராந்தையாரின் நோக்கம் பறவையியல் அன்று, நட்பு. ஆனால் தூது விடுவதற்குத் தக்க பறவை எது என்று தேர்ந்தபோது, அந்தப் பருவத்தில் அந்தத் திசையில் மெய்யாகவே போகும் பறவையைத் தேர்ந்திருக்கிறார். வரைபடத்தில் குமரிமுனையிலிருந்து உறையூருக்கு ஒரு நேர்க்கோடு இழுத்துப் பாருங்கள். அது மதுரைக்கும் நத்தத்துக்கும் சற்றுக் கிழக்கே செல்லும். அந்த அன்னம் நம் மாவட்டத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது என்று எண்ணிக்கொள்வதில் ஓர் ஊர்க்காரனுக்கு உரிய சிறு மகிழ்ச்சி உண்டு.

அந்த அன்னம் எது? சங்க இலக்கியப் புள்ளினங்களை ஆராய்ந்த பி.எல். சாமி போன்றோரின் நூல்களுக்குப் பிறகு, அது வரித்தலை வாத்து என்ற கருத்து பலராலும் பேசப்படுகிறது. திபெத், மங்கோலியா, லடாக் ஆகிய குளிர் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தில் இந்தியாவுக்குள் இறங்கும் பறவை அது. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் வரையிலும் வருகிறது. ஆகவே ‘குமரியிலிருந்து வடமலைக்கு’ என்பது சரியாகவே பொருந்துகிறது. இந்த வாத்துகளின் உடலில் கருவி பொருத்திச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. இமயத்தின் தென்புறத்தை அவை ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் ஏறிக் கடக்கின்றன. பின்வந்த ஆய்வில் பதிவான மிகுந்த உயரம் 7,290 மீட்டர். பரணர் ‘இமயத்து உச்சி’யைக் காட்டியது நாம் நினைத்த அளவுக்கு மிகை அன்று.

ஆனால் மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறது. வரித்தலை வாத்து புல்லும் தானியமும் மேயும் பறவை. மீன் அதன் வழக்கமான உணவு அன்று. கால் நிறமும் மஞ்சளோடிய செம்மைதான். பரணர் சொல்லும் சிவப்பென்று கொள்ளச் சற்றுத் தாராளம் வேண்டும். புலவர் உணவை மாற்றிச் சொன்னாரா, அன்னம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் அழைக்கப்பட்டனவா என்று கேட்டால், இரண்டாவதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது. இன்றும் ‘கொக்கு’ என்று நம் ஊரார் எத்தனை பறவைகளை அழைக்கிறார்கள்! அந்த மாணவி பருவத் தேர்வில் இப்பாட்டைப் பற்றி எழுதும்போது, அன்னம் வரித்தலை வாத்தாக இருக்கலாம், மீன் பற்றி ஐயம் உண்டு என்று ஒரு பத்தி சேர்த்திருந்தார். நாம் நிறைவாக மதிப்பெண் இட்டோம். மறுமதிப்பீடு செய்தவர் அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்து ‘தேவையற்றது’ என்று எழுதியிருந்தார்.

சத்திமுத்தப் புலவரின் நாரையும் இதே வழியில் போன பறவைதான். மதுரையில், வாடைக் காற்றில் போர்க்கத் துணியின்றி ஒடுங்கிக் கிடந்த புலவர், குமரியாடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையையும் அதன் பெடையையும் நோக்கித் தம் மனைவிக்குச் செய்தி சொன்ன பாட்டு. பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கால் சிவப்பு, அலகு பவள நிறம், வடக்கே திரும்புவது ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கினால் அது வலசை வரும் வெண்ணாரையே என்பது நம் துணிபு. ஆண்டு முழுதும் இங்கேயே இருந்து குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கு அலகு பவளமாக இராது. பருவத்தையும் கவனிக்க வேண்டும். வாடை இன்னும் ஓயவில்லை. நாரையோ வடக்கே திரும்பத் தொடங்கிவிட்டது. தை முடிந்து மாசி தொடங்கும் காலம் அது. மெக்லென்பர்க்கில் ஈட்டியோடு விழுந்ததும் இதே இன நாரைதான் என்பதை நம் மாணவர்களுக்குச் சொன்னபோது, சத்திமுற்றத்துக்கும் ஜெர்மனிக்கும் உறவு ஏற்பட்டுவிட்டதே என்று ஒருவர் வியந்தார்.

இனி நம் சமவெளிக்கு வருவோம். திண்டுக்கல்லைச் சூழ்ந்த நிலத்தின் பறவைகளைப் பற்றிப் பழைய எழுத்துச் சான்று தேடினால் ஒரு விந்தை காத்திருக்கிறது. மலைக்கு உண்டு, சமவெளிக்கு மிகக் குறைவு. 1839 முதல் சென்னையின் ஓர் ஆய்விதழில் தென்னிந்தியப் பறவைப் பட்டியலை வெளியிட்ட படை மருத்துவர் ஜெர்டன், 1862-க்கும் 1864-க்கும் இடையில் இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டெழுதிச் சேர்த்தார். அப்பெயர்களைச் சொன்ன வேட்டுவர்களின் பெயர் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை என்பது வேறு செய்தி. அடுத்து வருபவர் ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மறைப்பணியாளர். அகமதுநகரில் பணியாற்றிய அவர் பழனி மலைக்கு வந்து பறவைகளைச் சேகரித்தார். அங்கிருந்து கிடைத்த ஒரு சிரிப்பானுக்கு 1869-இல் பிளான்ஃபோர்டு அவர் பெயரையே சூட்டினார். 1877-இல் பழனி மலைப் பறவைகளின் பட்டியலை ஃபேர்பேங்க் வெளியிட்டார். வெளிவந்த இதழ் ஹியூம் நடத்தியது. 1885-இல் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான்.

சமவெளி ஏன் விடுபட்டது? நமக்குத் தோன்றும் விடை எளியது. 1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. கோடைக்குச் செல்லும் வெள்ளையர் அம்மையநாயக்கனூரில் இறங்குவர். அங்கிருந்து மாட்டுவண்டி, வெயிலுக்கு அஞ்சி பெரும்பாலும் இரவுப் பயணம். வத்தலக்குண்டும் பெரியகுளமும் அவர்களுக்கு வண்டிக்குள் உறங்கிக் கடக்கும் ஊர்கள். மேலும் அவர்கள் வந்தது சித்திரை, வைகாசியில். அதற்குள் வடபுலப் பறவைகள் எல்லாம் புறப்பட்டுப் போயிருக்கும். குறிப்பேடும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள் வந்தபோது பறவைகள் இல்லை. பறவைகள் இருந்தபோது கண்டவர்கள் உழவர்கள், அவர்கள் எழுதிவைக்கவில்லை.

எழுதவில்லையே தவிர, பெயரிட்டார்கள். பெயரைவிடச் சிறந்த குறிப்பு வேறில்லை. ‘கொடிக்கால் வாலாட்டி’ என்று ஒரு பறவை. கிழக்காசியக் காடுகளிலிருந்து பனிக்காலத்தில் வருவது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் அசைக்கும். ஆங்கிலத்தில் இதைக் காட்டு வாலாட்டி என்ற பொருளில் அழைக்கிறார்கள். நம்மவர் காட்டைத் தேடிப் போகவில்லை. தாம் நீர் பாய்ச்சும் வெற்றிலைக் கொடிக்காலின் நிழலில், ஈர மண்ணில் பூச்சி பொறுக்குவதைக் கண்டு அவ்விடத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். வெற்றிலைக்குன்று என்பதுதான் வத்தலக்குண்டு ஆயிற்று என்பர். ராஜம் ஐயரையும் பி.எஸ். ராமையாவையும் சி.சு. செல்லப்பாவையும் இலக்கியத்துக்குத் தந்த ஊர். அவ்வூர்க் கொடிக்கால்களுக்கு இந்தச் சிறு விருந்தாளி எத்தனை நூறு பனிக்காலம் வந்து போயிருக்குமோ!

சோளம் விளையும் மானாவாரி நிலத்தில் ‘சூறைக்குருவி’. ‘சோளக்குருவி’ என்றும் சொல்வர். கருந்தலையும் வெளிர் சிவப்பு உடலுமாகப் பெருங்கூட்டமாய் வந்து கதிரில் விழும். சூறையாடுவதால் சூறை, வேறு விளக்கம் வேண்டியதில்லை. இதே பறவை தன் தாய்நிலமான நடு ஆசியாவில் வெட்டுக்கிளியைத் தின்று தீர்ப்பது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் 1980-கள் தொட்டு இதற்கென்றே கல்லடுக்கிக் கூடமைத்துக் கொடுத்து வரவேற்கிறார்கள். இங்கே கவண்கல், அங்கே கல்வீடு. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னோம். “அப்ப அங்கனயே இருந்துக்கிறச் சொல்லுங்க வாத்தியாரய்யா” என்றார்.

‘ஆறுமணிக் குருவி’ இன்னொன்று. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, ஐப்பசி வாக்கில் களைத்துச் சோர்ந்து இங்கே வந்து விழும். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவும். கடிகாரம் ஊருக்கு வந்த பிறகு ஏற்பட்ட பெயராகத்தான் இருக்க வேண்டும். பெயர்களுக்கும் வயது கணிக்கலாம் என்பதற்கு இதைக் காட்டுவது நம் வழக்கம்.

பறவையின் காலில் வளையம் மாட்டி அதன் வழியை அறியும் முறையை 1899-இல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் தொடங்கிவைத்தார். இந்தியாவில் 1927-இல் தார் அரசரின் ஆதரவில் அது தொடங்கிற்று. 1883-இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் முயற்சியால் 1959 முதல் பெரிய அளவில் இப்பணியை மேற்கொண்டது. தமிழ்நாட்டில் கோடிக்கரை அதன் முக்கியமான களமாயிற்று. வளையத்தில் எண்ணும், ‘பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும்’ என்ற பொருளில் ஒரு வாசகமும் பொறித்திருக்கும். புறநானூற்றுத் தூதையும் இந்த வளையத்தையும் ஒப்பிட நமக்கு ஆசைதான். இரண்டிலும் பறவையிடம் ஒப்படைக்கப்படுவது ஒரு பெயர்தான்.

தமிழில் இத்துறைக்கு எழுத வந்தவர்களில் மா. கிருஷ்ணனை (1912–1996) இலக்கிய வாசகர் மறக்கலாகாது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பேசும்போது வத்தலக்குண்டு ராஜம் ஐயரையும் மாதவையாவையும் ஒருமூச்சில் சொல்கிறோம். அந்த மாதவையாவின் வீட்டிலிருந்துதான் நாட்டின் தலைசிறந்த கானுயிர் எழுத்தாளர்களுள் ஒருவர் வந்தார். 1950 முதல் தம் இறுதி வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடர்ந்து எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்தளித்தார். நம் கல்லூரி நூலகப் படியில் கடன் சீட்டு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது.

மாணவியின் கேள்விக்கு அடுத்த ஆண்டு மாசியில், பதினோரு மாணவரோடு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். பழனி மலையின் அடிவாரம். அன்னத்தைக் காண்போம் என்ற நம்பிக்கை எவருக்கும் இல்லை, காணவும் இல்லை. கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள் இருந்தன. கரையோரச் சேற்றில் வாலாட்டி உள்ளான் ஒன்று இடைவிடாமல் பின்புறத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. நீரின் நடுவே நீலச்சிறகி வாத்துகள் முப்பதுக்கு மேல். விராலடிப்பான் ஒன்று ஒருமுறை பாய்ந்து, வெறுங்காலோடு எழுந்தது. கரையில் ஆடு மேய்த்த முதியவர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, “மாசி முடியப் போயிரும்யா. சித்திரைக்கு வந்தீகன்னா ஒண்ணையும் பாக்க மாட்டீக” என்றார். எங்கே போகும் என்று கேட்டோம். “வடக்க” என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, “யாரு சொல்லணும்? பாத்தாத் தெரியுதுல்ல” என்றார். பிசிராந்தையார் பாட்டுக்கு நாம் கேட்ட உரைகளில் இதை முதன்மையாகச் சொல்லலாம்.

அந்த முதியவரிடம் இன்னொன்றும் கேட்டோம்: முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் வேறுபாடு உண்டா? காட்டின்மேல் தாழப் பறந்து தத்துக்கிளி பிடிக்கும் பருந்து முன்பு நிறைய வரும் என்றார். அவர் கையால் காட்டிய விதத்தில், இறக்கையைச் சற்று உயர்த்திப் பிடித்துச் சறுக்கும் பூனைப்பருந்து என்று அறிந்தோம். அதுவும் நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருவது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338; அவற்றுள் 204 குறைந்திருக்கின்றன. வெட்டவெளிகளை நம்பி வாழும் பறவைகளும் வலசைப் பறவைகளும் குறைந்து வருவனவற்றுள் முன்னிற்கின்றன. ஆனால் நம் சமவெளியைப் பொறுத்தவரை ‘முன்பு நிறைய’ என்பதற்கு எண் இல்லை. ஃபேர்பேங்கின் பட்டியலை வைத்து மலையில் எது மறைந்தது என்று ஒருவர் ஆராயலாம். வேடசந்தூர்க் காட்டுக்கு அப்படிப்பட்ட பழைய தாள் இல்லை. மானாவாரி நிலம் மனைப்பிரிவாகிறது, கொடிக்கால் குறைகிறது. அவற்றோடு எத்தனை பறவை போயின என்று அளக்க அளவுகோல் இல்லை. முதியவரின் நினைவு ஒன்றே இருக்கிறது. அவருக்கு எழுபத்தெட்டு வயது.

ஆகவே அன்று திரும்பும் வழியில் மாணவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்கள். மாணவர் மாறினாலும் நோட்டு துறையிலேயே இருக்கும் என்பது ஏற்பாடு; இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. தொடக்கத்தில் பிழைகள் மலிந்திருந்தன. ஆண்டு முழுதும் நம் கூரைகளில் நடமாடும் வெண்புருவ வாலாட்டியை வலசைப் பறவையாக எண்ணி, ‘இன்னும் போகவில்லை’ என்று வைகாசி வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு திருத்திக்கொண்டனர். பிப்ரவரி நடுவில் உலகளவில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியாவும் 2013 முதல் பங்கேற்று வருகிறது. அதற்கும் இப்போது எங்கள் எண்களை அனுப்புகிறோம்.

நோட்டில் பறவைப் பெயர்கள் கேட்ட ஊரின் பெயரோடு எழுதப்படுகின்றன. சூறைக்குருவிக்கு இதுவரை நான்கு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. கல்லூரித் தோட்டத்துக் கிணற்றடிக்கு வரும் சாம்பல் வாலாட்டி கடந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் வந்தது. ஏப்ரல் 4 காலையில் கடைசியாகக் காணப்பட்டது. ஏப்ரல் 5-க்கு எதிரே, அந்த மாணவியின் தம்பி, இப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு, ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்.